நிலையச் சுவரில் ஊர் வரலாறு: மொசைக்கா, எனாமலா, ஓடா, வண்ணமா?

சுரங்க ரயில் நிலையத்தில் ஊரின் பழங்கதையைச் சுவரேற்ற ஒரு குழு உட்கார்ந்தால், பெரும்பாலும் முதலில் ஓவியர் முடிவாவார், பிறகு படம் முடிவாகும். எதில் செய்வது என்ற கேள்வி கடைசியில் ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சேரும். இந்த வரிசை தலைகீழானது. சுரங்க நிலையத்தின் சுவர் நனையும், அதிரும், இரும்புத் தூசியில் கறுக்கும். கேபிளோ குழாயோ பழுதானால் ஒரு நாள் அதைத் திறந்தே ஆக வேண்டும். அந்த நாளில் கலைவேலை என்னவாகும் என்று கேட்டுவிட்டு முடிவெடுத்தால், மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முன்னால் இருக்கும் வழிகள் எத்தனை என்றாலும் அவை இரண்டு குடும்பங்கள்தான். சிறு சில்லுகளைப் பதிக்கும் மொசைக், ஓடு, வண்ணம் ஆகியவை சுவரோடு ஒட்டுபவை. எனாமல் தகடு, கண்ணாடிப் பலகை, உலோகப் புடைப்பு ஆகியவை சுவரிலிருந்து விலகித் தொங்குபவை. ஒட்டியது சுவரின் தலையெழுத்தைப் பகிர்ந்துகொள்ளும். தொங்குவதைக் கழற்றலாம்.

சுவரைச் சோதிக்காமல் எதுவும் இல்லை

45 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, சுவரில் ஒரு முழுநாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் ஈரம்; காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும். இதை ஓர் இடத்தில் செய்து நிறுத்திவிடாமல், சுவரின் அடியில், நடுவில், கான்கிரீட் இணைப்புகளின் அருகில் என்று பல இடங்களில், மழைக்காலத்தில் ஒரு தடவையாவது செய்ய வேண்டும். கோடையில் உலர்ந்து நிற்கும் சுவரை நம்பி மொசைக் பதித்த பிறகு மழைக்கு உப்புப் பூத்தால் அதற்கு மருந்து கிடையாது.

உப்புப் பூப்பது ஏன்? கான்கிரீட்டுக்குள் ஊறி வரும் நீர், அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிக்காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்ததும் அது வெள்ளைப் பொருக்காகக் கெட்டியாகிறது. ஓட்டின் இணைப்புகளில் முதலில் வெள்ளைக் கோடு தெரியும், பிறகு பசை விடும். அக்ரிலிக் வண்ணத்தின் அடியில் என்றால் கொப்புளம். அமிலம் ஊற்றிக் கழுவினால் அப்போதைக்குப் போகும். ஆனால் அதே அமிலம் ஓடுகளின் இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கிரவுட்டையும் பளிங்கையும் அரிக்கும், கசிவோ நிற்காது.

மொசைக்: எல்லோரும் ஆசைப்படுவது

ஆசைப்படக் காரணம் உண்டு. கண்ணாடிச் சில்லின் நிறம் வெளுக்காது, எரியாது, துடைத்தால் புதிது. மாஸ்கோவிலும் நேப்பிள்ஸிலும் மெட்ரோ பயணிகள் நின்று பார்ப்பது இதைத்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

10 மில்லிமீட்டர் சில்லு, 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8,260 சில்லுகள். 20 சதுர மீட்டர் சுவருக்கு 1,65,000. வெட்டிலும் உடைவிலும் போவதற்குப் பத்து விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் சில்லுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளிக்கும் மாறினால் சதுர மீட்டருக்கு 2,070 தான், வேலை நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் முகம் போய்விடும். ஒரு முகம் முகமாகத் தெரிய நெற்றி முதல் முகவாய் வரை குறைந்தது 30 சில்லு வேண்டும் என்பது கைக்கணக்கு. பெரிய சில்லில் அது 66 சென்டிமீட்டர் முகம், சிறியதில் 33. நெசவுச் சந்தையையும் துறைமுகக் கூட்டத்தையும் ஐம்பது பேரோடு காட்ட வேண்டும் என்று குழு கேட்டால், பெரிய சில்லில் அதற்குச் சுவர் போதாது. அப்போது ஆட்களைக் குறைக்க வேண்டும், அல்லது பின்னணிக்குப் பெரிய சில்லும் முகத்துக்கும் கைக்கும் சிறிய சில்லும் கலந்து பதிக்க வேண்டும். இரண்டாவது வழியே பெரும்பாலும் சரி. செலவு முகத்தில் மட்டும் ஏறும்.

பதிப்பதில் இரண்டு முறைகள். வலைத்துணியில் சில்லுகளை ஒட்டி, துணியோடு சுவரில் பதிப்பது ஒன்று. படம் நேராகத் தெரிவதால் கலைஞருக்கு இது வசதி. ஆனால் வலையில் ஒட்டப் பயன்படும் சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும், நனைகிற சுவரில் அதுவே பலவீனப் புள்ளி. மற்றது, படத்தை இடவலம் மாற்றி வரைந்த தாளில் சில்லுகளை முகம் கீழாக, நீரில் கரையும் பசையால் ஒட்டி, சுமார் 30 சென்டிமீட்டர் துண்டுகளாக எண்ணிட்டுப் பிரித்து, சுவரில் பதித்து, பசை இறுகியதும் தாளை நனைத்து உரிப்பது. சில்லின் முதுகு முழுவதும் பசையில் உட்காரும். சுரங்கத்துக்கு இதுவே ஏற்றது. இதில் தப்பு நடப்பது எழுத்தில்தான். தலைகீழ் வேலையில் ஓர் எழுத்து மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டால் தாளை உரிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

சுவர்ப்பூச்சு ஆறி, குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும். பசை சிமெண்ட்டோடு பாலிமர் கலந்த, சற்றே வளைந்துகொடுக்கும் வகை. சில்லுகளுக்கு நடுவே எபாக்சி கிரவுட் என்றால் இரும்புத் தூசி ஊறாது. ஆனால் எபாக்சியைப் பூசிய சில நிமிடங்களுக்குள் துடைக்காவிட்டால் கண்ணாடிமேல் பால்படலம் நின்றுவிடும். ஆகவே ஒரே தடவையில் ஒன்று, ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் கைவைக்கக் கூடாது.

படம் அழகாக இருக்க வேண்டும் என்று எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டை (கட்டடம் விரிந்து சுருங்க விட்டிருக்கும் இடைவெளியை) மூடி ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை. கட்டடத்தில் ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் மொசைக்கிலும் அதே கோட்டில் இடைவெளி இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளும், அது நேராக இருக்காது. ஈரமும் வெப்ப மாற்றமும் உள்ள சுவரில் இரண்டரை, மூன்றரை மீட்டருக்கு ஒன்று கூடுதலாகவும் வேண்டும். திறமையான கலைஞர் அந்தக் கோட்டைத் தூண் விளிம்பிலோ படகின் பாய்மரத்திலோ ஒளித்துவிடுவார். அதற்கு, வரையத் தொடங்கும் முன்பே ஜாயிண்ட் குறித்த கட்டட வரைபடம் அவர் கையில் இருக்க வேண்டும்.

மொசைக்கின் தீராத குறை, அது இடம்பெயராது என்பது. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் எடுவார்டோ பவுலோசி 1980களில் செய்த மொசைக்குகள் புகழ்பெற்றவை. நிலையத்தை விரிவாக்கியபோது பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். ஆனால் எஸ்கலேட்டர்களுக்கு மேலிருந்த வளைவுகள் அகற்றப்பட்டன, அவற்றின் உடைந்த துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போயின. நிலையம் வளரும் என்று தெரிந்த இடத்தில் மொசைக் வேண்டாம் என்பதே என் கருத்து.

எனாமல் தகடு: ஆசைப்படாதது, ஆனால் பெரும்பாலும் சரியானது

கரி குறைந்த எஃகுத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடுவது. பழைய தெருப் பெயர்ப் பலகைகளும் அடுப்படி எனாமல் கிண்ணங்களும் இதே தொழில்தான். படத்தைப் பீங்கான் மைகளால் சல்லடை அச்சில் ஏற்றிச் சுடுவார்கள். ஒவ்வொரு நிறமும் தனித்தனிச் சூடு என்றால் எத்தனை நிறமோ அத்தனை முறை உலை. ஆறு நிறத்தில் முடிக்கக்கூடிய படத்தைப் பதினான்கு நிறத்தில் கேட்பது செலவைக் கூட்டுவதோடு, ஒவ்வொரு சூட்டிலும் தகடு நெளியும் வாய்ப்பையும் கூட்டும்.

தகட்டை இருபுறமும் பூச வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசினால் ஆறும்போது கண்ணாடியும் எஃகும் வெவ்வேறு அளவில் சுருங்கி, தகடு வில்லாக வளையும். திருகுத் துளைகள் அனைத்தையும் சுடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சுட்ட பிறகு துளைத்தாலோ வெட்டினாலோ ஓரம் பொரிந்து, அங்கே துரு தொடங்கும். அப்படியென்றால் சுவரின் உண்மையான அளவு மில்லிமீட்டர் கணக்கில் முன்கூட்டியே தெரிய வேண்டும். கட்டடம் முடியுமுன் வரைபட அளவை வைத்துத் தகடு சுட்டுவிட்டு, பிறகு மூலைத் தகடு மட்டும் 12 மில்லிமீட்டர் கூடி நிற்பது இந்தத் தொழிலின் நித்திய வழக்கு. மூலைகளையும் கதவோரங்களையும் கடைசியில் அளந்து சுடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் 50 முதல் 100 மில்லிமீட்டர் இடைவெளி, அடியில் நீர் வடிய வாய்க்கால். கசிவு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னால் படம் உலர்ந்தே நிற்கும். ரயில் நுழையும்போது தள்ளும் காற்றழுத்தமும் கிளம்பும்போது இழுக்கும் அழுத்தமும் நாள் முழுக்கத் தகட்டை முன்பின் அசைப்பதால், சாதாரண நட்டு தளரும். தளராத பூட்டு நட்டும் ரப்பர் வளையமும் வேண்டும். திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் துளையைச் சுற்றி எனாமல் சிதறும். அந்த இடத்துக்குத் தொடுவண்ணம் பூசலாம், பழைய கண்ணாடி முகம் திரும்பாது.

கலைஞர்களுக்கு எனாமல் பிடிக்காததற்குக் காரணம் அதன் இணைப்புக் கோடுகள். படம் முழுக்கக் கட்டம் போட்டதுபோல் தெரியும். இதற்கு எதிர்வாதமாக லண்டன் சேரிங் கிராஸ் நிலையத்தின் நார்தர்ன் வழித்தட நடைமேடையைச் சொல்லலாம். அது எனாமல் அல்ல, லேமினேட் பலகை. ஆனால் பாடம் அதே. டேவிட் ஜென்டில்மன் 1979இல் செய்தது. அந்த ஊர்ப்பெயருக்குக் காரணமான, எலனோர் அரசியின் நினைவாக எழுந்த சிலுவைச் சின்னத்தை இடைக்காலக் கல்தச்சர்கள் கட்டும் காட்சிகள், மரச்செதுக்கு அச்சைப் பல மடங்கு பெரிதாக்கி, நடைமேடை நெடுகக் கறுப்பு வெள்ளையில். கல் சுமப்பவர், வெட்டுபவர், ஏற்றுபவர் என்று ஆட்கள் வரிசையாக நிற்பதால் பலகையின் கோடு கண்ணை உறுத்துவதில்லை. எங்கே நின்று பார்த்தாலும் கதையின் ஒரு துண்டு கிடைக்கும். பலகைக்கு ஏற்ற படத்தை வரைந்தால் பலகை குறையாகத் தெரியாது.

சுட்ட ஓடு

மொசைக்குக்கும் எனாமலுக்கும் நடுவில் இது. லிஸ்பன் மெட்ரோ 1959இல் திறந்தபோது மரியா கெய்ல் அந்நாட்டின் மரபான அசுலெஜு ஓடுகளைக்கொண்டே நிலையச் சுவர்களை வடிவமைத்தார். ஊரின் வரலாறு படத்தில் இல்லை, ஓட்டிலேயே இருந்தது. உள்ளூர்க் கைத்தொழில் ஒன்று உயிரோடு இருக்கும் ஊர்களுக்கு இது நல்ல வழி: தொழிலைப் படமாக வரைவதைவிட அந்தத் தொழிலாளரிடமே ஓட்டைச் செய்யச் சொல்வது.

ஒரே சின்னம் போதும் என்றால் ஓட்டுப் புடைப்புக்கு நிகர் இல்லை. நியூயார்க்கில் 1904இல் திறந்த ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில் பீவர் என்ற கொறிவிலங்கு மரத்தைக் கடிக்கும் பீங்கான் பலகை இருக்கிறது. ஆஸ்டர் குடும்பத்தின் செல்வம் பீவர் தோல் வணிகத்தில் வந்தது என்பதே செய்தி. ஒரு சொல்லும் எழுதவில்லை. நூற்றிருபது ஆண்டு தாண்டியும் வேலை செய்கிறது. வரலாற்றை முழுசாகச் சொல்லத் துடிக்கும் குழுக்கள் இந்த பீவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஓட்டில் கவனிக்க வேண்டியது நிறத் தொகுதி. ஐந்து ஆண்டு கழித்து ஓர் ஓடு உடைந்து அதேபோல் சுடச்சொன்னால் நிறம் பொருந்தாது. முதல் சூட்டிலேயே பத்து விழுக்காடு கூடுதலாகச் சுட்டு, முதுகில் எண்ணிட்டு, நிலையத்திலேயே பூட்டி வைக்க வேண்டும். படத்தின் தனித்தன்மையான ஓடுகளுக்கு (முகம், எழுத்து) ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று.

வண்ணமும் வினைலும்

பாறையைக் குடைந்த ஸ்டாக்ஹோம் நிலையங்களைக் காட்டி "வண்ணமே போதுமே" என்பார்கள். டி-சென்ட்ராலன் நிலையத்தின் நீலக் கொடிகளை 1975இல் பெர் ஓலோஃப் உல்ட்வெட் தீட்டினார், இன்றும் நிற்கின்றன. ஆனால் அங்கே சுவர் என்பது பாறைமேல் தெளித்த கான்கிரீட். மேடு பள்ளமான பரப்பு, பெரிய எளிய வடிவங்கள். நுணுக்கமான வரலாற்றுச் சித்திரத்துக்கு அந்த உதாரணம் பொருந்தாது. வண்ணம்தான் என்று முடிவானால் சுவாசிக்கிற சிலிக்கேட் வண்ணம் தேவலை. அது பூச்சோடு வேதிப்பிணைப்பு கொள்ளும், ஈரத்தை வெளியே விடும். அக்ரிலிக் உறைபோல் மூடிக்கொண்டு உரியும். கிறுக்கலைத் துடைக்கும் காப்புப்பூச்சை நேராக வண்ணத்தின்மேல் பூசாதீர்கள். நடுவில் பிரிப்புப் பூச்சு ஒன்று இல்லாவிட்டால், காப்பை நீக்கும் கரைப்பான் ஓவியத்தையும் சேர்த்து நீக்கும்.

வினைல் அச்சு, அதாவது ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட படம், தற்காலிகக் காட்சிக்கு மட்டும். சுரங்கத்துக்குள் எரியும் பொருள், எரியும் பசை, எரியும் பலகை எதுவும் நிரந்தரமாக வேண்டாம். 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டரில் பிடித்த தீயில் 31 பேர் இறந்தார்கள். பலகையின் முகத்துக்குத் தீச்சோதனைச் சான்றிதழ் கேட்பவர்கள் அதன் முதுகுப் பலகையையும் பசையையும் கேட்க மறந்துவிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துச் சோதித்த சான்றிதழ்தான் செல்லும்.

மின்திரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் விசிறிக்குள் இரும்புத் தூசி போகும், சில ஆண்டில் மாற்ற வேண்டிவரும், உள்ளடக்கத்தைப் புதுப்பிக்க ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் பட்ஜெட்டில் இல்லையென்றால் அது விரைவில் விளம்பரத் திரையாகும்.

தோண்டும்போது கிடைத்தால்

ஊர் வரலாற்றை வரைவதற்குப் பதில் வரலாறே மண்ணிலிருந்து வந்துவிட்டால் பேச்சே வேறு. மெக்சிகோ நகரில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது 1967இல் காற்றுத் தெய்வம் எஹெகாட்லின் பலிபீடம் வெளிப்பட்டது. அதை அங்கேயே விட்டு பினோ சுவாரெஸ் நிலையத்தைச் சுற்றிக் கட்டினார்கள். ஏதென்ஸின் சின்டாக்மா நிலையத்தில் மண்ணடுக்கின் வெட்டுமுகத்தையே கண்ணாடிக்குப் பின் காட்டுகிறார்கள். இதற்கு இணையான ஓவியம் கிடையாது. விலை, கால தாமதமும் ஈரப்பத நிர்வாகமும். உலராத மண்சுவர் கண்ணாடிக்குள் பாசி பிடிக்கும்; முழுக்க உலர்ந்தால் பொடிந்து விழும். கண்ணாடிப் பேழைக்குள் காற்றுச் சுழற்சியும், உள்ளே ஆள் போய்த் துடைக்கக் கதவும் தொடக்க வரைபடத்திலேயே வேண்டும்.

எந்த இடத்தில் எது

பயணிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இடம் தீர்மானிக்கிறது. டிக்கெட் கூடத்தில் நடப்பவர் வினாடிக்கு 1.3 மீட்டர் போகிறார். 6 மீட்டர் சுவரை ஐந்து வினாடிக்குள் கடந்துவிடுவார். அங்கே ஒரே பெரிய வடிவம். 10 மீட்டர் உயரம் ஏறும் எஸ்கலேட்டரின் நீளம் 20 மீட்டர், வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் 40 வினாடி சும்மா நிற்கிறார். தொடர்கதைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒருவர் ஏறுகிறார், எதிரே ஒருவர் இறங்குகிறார். ஊர் பிறந்ததிலிருந்து இன்றுவரை என்று வரைந்தால் பாதிப் பேருக்கு வரலாறு பின்னோக்கி ஓடும். தேதி வரிசைக்குப் பதிலாக, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பொருந்தும் காட்சிகளாகப் பிரிப்பதே வழி. நடைமேடையில் நிமிடக்கணக்கில் நேரம் உண்டு, நுணுக்கம் அங்கே.

ஆகவே நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கு எதிர்ச்சுவருக்கும் எனாமல். குறிப்பாக எதிர்ச்சுவரில் கைவைக்க, ரயில் நின்று மின்சாரம் துண்டித்த பிறகு இரவில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான். சில்லு சில்லாகப் பதிக்கும் வேலைக்கு அது கட்டுப்படியாகாது. ஓட்டுநரின் பார்வைக் கோட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள் வட்டங்களும் பளபளக்கும் கண்ணாடியும் வேண்டாம். டிக்கெட் கூடத்தின் உலர்ந்த உட்சுவருக்கு மொசைக் அல்லது ஓடு. தரையில் டெர்ராசோவில் (கல்சில்லு கலந்து தேய்த்த தளத்தில்) ஆறும் வயல் வரப்பும் அழகாக வரும். ஆனால் காலில் மிதிபடும் இடத்தில் முகம், பெயர், எழுத்து, வழிபாட்டுச் சின்னம் எதுவும் கூடாது. படிக்கட்டு விளிம்புபோல் தோன்றும் கோடும் கூடாது. பார்வை குறைந்தவர் அங்கே தயங்கித் தடுமாறுவார்.

எழுத்தைத் தனியே வையுங்கள்

வரலாறு திருத்தப்படும். பெயரின் எழுத்து மாறும், தேதி தவறென்று தெரியவரும், நேற்று கொண்டாடியவரை இன்று இறக்கச் சொல்வார்கள். மாஸ்கோவின் கொம்சொமோல்ஸ்காயா நிலையத்தில், 1952இல் திறந்த கூரை மொசைக்குகளில் இருந்த ஸ்டாலினின் உருவம் பின்னர் நீக்கப்பட்டது. அதற்கு மொசைக்கையே மாற்றிப் பதிக்க வேண்டியிருந்தது. ஆகவே படத்தில் எழுத்தைச் சுடாதீர்கள். பெயர், ஆண்டு, விளக்கம் மூன்றும் நான்கு திருகில் கழலும் தனித் தகட்டில் இருக்கட்டும். திருத்தம் வந்தால் ஒரு தகடு மட்டும் மாறும்.

6 மீட்டர் தள்ளிப் படிக்க 50 மில்லிமீட்டர் எழுத்து என்பது பொது வழக்கம். தமிழ்போல் சுழியும் கொக்கியும் நிறைந்த எழுத்துக்கு 65 ஆக்குவது நல்லது. மொசைக்கில் எழுதியே ஆக வேண்டும் என்றால் மெய்யெழுத்தின் புள்ளிக்கு நான்கு சில்லாவது கொடுங்கள். ஒற்றைச் சில்லில் புள்ளி வைத்து அது விழுந்தால், "பட்டு நெசவு" மறுநாள் காலையில் "படடு நெசவு" ஆகிவிடும்.

ஒப்படைக்கும் நாளில் நிலைய அலுவலகத்துக்குப் போக வேண்டியவை: எண்ணிட்ட வரைபடம், மாற்றுத் துண்டுகள் உள்ள பெட்டி, பசையும் கிரவுட்டும் எந்த வகை என்ற குறிப்பு, கழுவ எந்தச் சோப்பு, எது கூடாது என்ற ஒரு பக்கத் தாள். கூடாதவற்றின் முதல் வரி அமிலம். அந்தத் தாளைக் கோப்பில் வைக்காமல், துப்புரவுப் பொருள் வைக்கும் அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள்.